அக்டோபர் ஒன்பதாம் தேதிக்கு ஒரு கையெழுத்து

இரும்புலியூர் அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மழைக்கு ஒதுங்குகிறவர்கள். மீதிப் பேர் செங்கல்பட்டு பஸ்ஸைத் தவறவிட்டவர்கள். ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி, யாரோ ஒரு டாக்டர் தன் காலத்துக்குப் பிறகு சர்க்காருக்கு எழுதி வைத்த பழைய பங்களா அது. உள்ளே ஆறு முதுமக்கள் தாழி, இரண்டு நடுகல், பிடி இல்லாத ஒரு வாள், தையல் பிரிந்து வைக்கோல் எட்டிப் பார்க்கும் ஒரு பாடம் செய்த முதலை. இதைக் காவல் காக்க நாலு பேருக்குச் சம்பளமா என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

அங்கே இருபது வருஷமாக அட்டெண்டராக இருக்கிற பக்தவச்சலத்துக்கு அந்தக் கேலி சுருக்கென்று தைக்கும். ஏனென்றால் ஒரு காலத்தில் யாரும் கேலி பேச முடியாதபடி அங்கே ஒரு பொருள் இருந்தது. கிளி விளக்கு. ஒரு சாண் உயர வெண்கலத் தூக்கு விளக்கு. அகலின் நடுவில் ஒரு கிளி உட்கார்ந்திருக்கும். கிளியின் வயிறு நிறைய எண்ணெய் ஊற்றி வைத்தால், அகலில் குறையக் குறைய அதன் அலகிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்து நிரப்பும். எத்தனையோ நூறு வருஷத்துக்கு முந்திய வேலைப்பாடு. வெளிநாட்டுக்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

விளக்கில் எண்ணெய் ஊற்றக் கூடாது என்பது விதி. ஆனால் ஏதோ ஒரு கோயிலில் எரிந்த விளக்கை வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வெறும் வயிற்றோடு தொங்கவிட பக்தவச்சலத்துக்கு மனசு ஒப்பாது. வெள்ளிக்கிழமை காலையில் ஒரு சின்ன பாட்டில் விளக்கெண்ணெயைக் கிளியின் வயிற்றில் ஊற்றிவிடுவார். திரி போட மாட்டார், கொளுத்த மாட்டார். சனிக்கிழமை துணியால் ஒற்றி எடுத்துவிடுவார். பாட்டிலை முதலையின் வாய்க்குள் ஒளித்து வைத்திருந்தார். இந்த ரகசியம் தெரிந்த இன்னொரு ஆள் வாட்ச்மேன் லாசரஸ் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், வெள்ளிக்கிழமை தவறாமல் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார்.

1987 அக்டோபர் ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை அந்த விளக்கு காணாமல் போனது.

அன்றைக்குச் சேப்பாக்கத்தில் உலகக் கோப்பை மேட்ச். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும். முந்தின நாள்தான் பக்தவச்சலத்துக்கு ஒரு டிக்கெட் கிடைத்தது. லீவு கேட்டால் கிடைக்காது. காலை எட்டு மணிக்கு ஓடி வந்து, பின்கட்டில் குடியிருந்த லாசரஸின் கதவைத் தட்டினார். "என் ஹாலையும் நீயே பார்த்துக்கோ லாசரஸ். நாளைக்கு வந்து மேட்சைப் பந்து பந்தா சொல்றேன்" என்றார். பதில் வருவதற்குள் ஸ்டேஷனுக்கு ஓடிவிட்டார். சாயந்திரம் கதவு சாத்தும்போது, விளக்கு தொங்கிய இடத்தில் கொக்கி மட்டும் இருந்தது.

மறுநாள் பக்தவச்சலம் வயிற்றுவலி என்று லீவு லெட்டர் எழுதிக் கொடுத்து ஒதுங்கிக்கொண்டார். லாசரஸ் மாட்டிக்கொண்டார். நாலு மணி வாக்கில் அவர் ஒரு பெரிய டிபன் கேரியரோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்ததை எதிர் டீக்கடைக்காரர் பார்த்திருந்தார். சஃபாரி சூட் போட்ட பார்வையாளர் ஒருத்தருடைய கேரியர், கனமாக இருக்கிறது என்றார், தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன் என்று லாசரஸ் சொன்னார். அந்த சஃபாரி சூட்டை வேறு யாரும் பார்க்கவில்லை. பார்வையாளர் நோட்டில் இருந்த விலாசத்துக்குப் போய்ப் பார்த்தால் அங்கே ஒரு மாவு மில் இருந்தது. திருட்டை நிரூபிக்க முடியவில்லை. ஆனாலும் லாசரஸுக்கு வேலை போயிற்று, குடியிருந்த பின்கட்டு போயிற்று, பேரும் போயிற்று.

'இரண்டு ஹாலையும் ஒருத்தன் எப்படிப் பார்ப்பது, பக்தவச்சலம் மேட்சுக்குப் போய்விட்டார்' என்று விசாரணையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பழி இந்தப் பக்கம் வந்திருக்கும். லாசரஸ் சொல்லவில்லை. பக்தவச்சலமும் சொல்லவில்லை. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், லாசரஸே எடுத்திருப்பாரோ என்று பக்தவச்சலம் மனசின் ஒரு மூலையில் சந்தேகத்தை வளர்த்து வைத்திருந்தார். சந்தேகம் இருக்கும் வரைக்கும் குற்ற உணர்ச்சி கொஞ்சம் அடங்கிக் கிடக்கும், இல்லையா?

லாசரஸ் பிறகு தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். பக்தவச்சலம் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ரயிலில் வந்து, தாம்பரத்தில் விட்டு வைத்திருக்கும் சைக்கிளை எடுத்து இரும்புலியூருக்கு மிதிக்கிறவர். அருங்காட்சியகம் இருப்பதும் மேற்கேதான். ஆனால் எட்டு வருஷமாக அவர் சைக்கிளை விட்டது கிழக்கு ஸ்டாண்டில். தினமும் ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்து, லைனைத் தாண்டி, ஒரு மைல் சுற்றி வருவார். யாராவது கேட்டால் உடம்புக்கு நல்லது என்பார்.

1995 நவம்பரில் ஒரு சாயந்திரம் பேய் மழை. கேட்டுக்குப் பக்கத்தில் இடுப்பளவு தண்ணீர். சைக்கிளோடு கிழக்கே போக வழியே இல்லை. நனைந்த கோழி மாதிரி மேற்கு ஸ்டாண்டுக்குள் நுழைந்தார். லாசரஸ் தலையில் பால் கவரைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. நாற்பத்தொன்று என்று பெயின்ட்டில் எழுதின தகர டோக்கனை நீட்டினார்.

"வா சார். நல்லா கீறியா?" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "மேட்சு இன்னா ஆச்சுன்னு நீ வந்து சொல்லவே இல்லியே" என்றார்.

பக்தவச்சலத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவர் மனசின் மூலையில் இருந்த சந்தேகம் அந்தச் சிரிப்பிலேயே செத்துப் போயிற்று.

மறுநாளும் மழை விடவில்லை. சைக்கிளை எடுக்கப் போனால் மறுபடி அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று, ஸ்டேஷனிலிருந்து பஸ் பிடித்து அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். டோக்கன் சட்டைப் பையிலேயே இருந்தது. இப்போதைய சூப்பரிண்டெண்டெண்ட் சாமுண்டீஸ்வரி மேடம் ஒரு கட்டுப் பழைய பதிவேடுகளை அவர் மேஜையில் வைத்தார்.

"பக்தவச்சலம், பழைய அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் எல்லாம் ரெக்கார்ட் ரூமுக்குப் போகுது. காலிக் கட்டம் எதாவது இருந்தா சிவப்பு மையில 'லீவு'ன்னு எழுதி க்ளோஸ் பண்ணிடுங்க."

அந்தப் பதிவேட்டில் ஒரு நாளைக்கு இரண்டு கட்டம். காலையில் வந்ததற்கு ஒன்று, மாலையில் போவதற்கு ஒன்று. 1987 பதிவேட்டைப் புரட்டினார். அக்டோபர் ஒன்பதாம் தேதி, அவர் பேருக்கு நேரே, இரண்டு கட்டமும் காலியாக இருந்தன. லீவு லெட்டரை ஃபைலில் போட்டவர்கள் இங்கே எழுத மறந்திருக்கிறார்கள். சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"நான் வந்திருக்கணும்" என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்ன வேகத்தில் சிவப்புப் பேனாவைக் கீழே போட்டார், நீலப் பேனாவை எடுத்தார், காலைக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

சர்க்கார் ஆபீஸில் குப்பை கொட்டினவர்களுக்கு ஒன்று தெரியும். பதிவேட்டில் இருப்பதுதான் உண்மை. வேறு மாதிரி நடந்திருந்தால் அது நடந்ததன் தப்பு. ஆள் வந்திருக்கிறார் என்று பதிவேடு சொல்லிவிட்டால், ஆள் வந்துதான் தீர வேண்டும்.

மழைச் சத்தம் சட்டென்று நின்றது. ஜன்னலில் வெயில் அடித்தது. முனை மடங்கிக் கிடந்த பதிவேடு புத்தம் புதிதாக இருந்தது. சுவரில் 1987 காலண்டர். மேஜைக்கு அந்தப் பக்கம், செத்து மூன்று வருஷம் ஆகிவிட்ட சூப்பரிண்டெண்டெண்ட் ராஜகோபால் உட்கார்ந்து ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து நிமிஷம் லேட்" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

அவர் எப்போதுமே அப்படித்தான். ஆளைத் தெரியாது, கையெழுத்தைத்தான் தெரியும். பக்தவச்சலம் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். ஹாலில் கிளி விளக்கு கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இது எப்படி என்று யோசிக்க அவர் மெனக்கெடவில்லை. காலைக் கையெழுத்து கொண்டுவந்து விட்டதென்றால் மாலைக் கையெழுத்து திருப்பிக் கொண்டுபோய் விடும். ஐந்து மணிக்கு ராஜகோபால் பதிவேட்டை பீரோவில் வைத்துப் பூட்டுவார். அதற்குள் போட்டாக வேண்டும். தவறினால் இங்கேயேதான் இருக்க வேண்டும். சிங்கப்பெருமாள் கோவிலிலோ ஏற்கெனவே ஒரு பக்தவச்சலம் இருக்கிறார், வீடும் மனைவியும் அவருக்கே சரியாகப் போய்விடும்.

"இன்னா சார்!" என்று பின்னால் குரல் கேட்டது. முப்பத்தைந்து வயது லாசரஸ், காக்கிச் சட்டையும் படிய வாரிய தலையுமாக நின்றார். "காலைல எட்டு மணிக்குத்தானே மேட்சுக்குன்னு ஓடினே? அதுக்குள்ள திரும்பி வந்துகினு கீறே? தல இன்னா இப்டி வெளுத்துப் பூட்சு? தொப்பை எப்ப வந்துச்சு?"

பக்தவச்சலம் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "லாசரஸ், நான் சொல்றதைப் பதட்டப்படாமக் கேளு. நான் தொண்ணூத்தஞ்சுலேர்ந்து வரேன்."

"பஸ்லயா, ரயில்லயா?"

உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். விளக்கு போகப் போவது, டிபன் கேரியர், பதிவேடு, மழை எல்லாம். லாசரஸின் கதி என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்ல நாக்கு எழவில்லை. லாசரஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"ஜொரம் இல்லியே" என்றார்.

"நம்பலேன்னா ஒண்ணு சொல்றேன், வெச்சுக்கோ. இன்னிக்கு மேட்ச்ல நாம ஒரே ஒரு ரன்ல தோப்போம்."

"வாயக் கழுவு சார், நல்ல நாளும் அதுவுமா!"

அதற்கு மேல் லாசரஸ் எதையும் நம்பத் தயாராக இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதானே. முதலையின் வாயிலிருந்து பாட்டிலை எடுத்தார்கள். லாசரஸ் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, பக்தவச்சலம் ஏறி நின்று கிளியின் வயிற்றை நிரப்பினார். பிறகு அதே ஸ்டூலை விளக்குக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தார். இன்றைக்கு எவன் வருகிறான் பார்க்கலாம் என்று கையைக் கட்டிக்கொண்டார்.

பதினொரு மணிக்கு ஒரு குடும்பம் வந்து முதலையைப் பார்த்துவிட்டுப் போனது. லாசரஸ் அரை மணிக்கொரு தரம் டீக்கடை ரேடியோவுக்கும் ஹாலுக்கும் நடந்தார். ஒரு மணிக்கு லாசரஸின் மனைவி தபீதாள் மீன் குழம்பும் சோறும் கொடுத்தனுப்பினார். பக்தவச்சலம் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். அங்கேதான் பிசகினது. இந்த எட்டு வருஷத்தில் அவர் சேர்த்த சொத்து மூன்று: மூக்குக் கண்ணாடி, தொப்பை, மதியத் தூக்கம். முதல் இரண்டும் காவலுக்குத் தடையில்லை.

விழித்தபோது மணி மூன்றே முக்கால். அண்ணாந்து பார்த்தார். கொக்கி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

எட்டு வருஷம் தாண்டி வந்து, விளக்குக்கு அடியிலேயே குறட்டை விட்டிருக்கிறார். வாசலுக்கு ஓடினார். கேட்டருகே சஃபாரி சூட் போட்ட ஒரு கனவான் நடந்துகொண்டிருந்தார். அவருக்கு ஓரடி பின்னால், இரண்டு கையாலும் ஒரு நாலடுக்கு டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு, ரேடியோ கேட்கப் போகிற சந்தோஷத்தில் லாசரஸ் போய்க்கொண்டிருந்தார். விசாரணையில் அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

"லாசரஸ், கீழ வை அதை!" என்று பக்தவச்சலம் கத்தினார். "சார், கேரியரைத் திறங்க."

"வாட் இஸ் திஸ்?" என்றார் சஃபாரி சூட். "ஒரு விசிட்டரை இப்படித்தான் ட்ரீட் பண்ணுவீங்களா?"

"நல்ல மனுசன் சார் இவுரு" என்றார் லாசரஸ் கூச்சத்தோடு. "எனிக்கு ஜாங்கிரி குட்த்தாரு."

சத்தம் கேட்டு ராஜகோபால் வெளியே வந்தார். பக்தவச்சலம் விளக்கு போய்விட்டது, கேரியரில்தான் இருக்கிறது என்றார். சஃபாரி சூட் கொஞ்சமும் அசராமல் மேல் அடுக்கைத் திறந்து காட்டினார். உள்ளே எலுமிச்சை சாதம். மேலே கடுகும் வேர்க்கடலையும் பளபளத்தன. கீழே இருக்கிற மூன்று அடுக்கும் காலி, விழுந்து நசுங்கி ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டது, வீட்டில் சுத்தியல் வைத்துத்தான் திறக்கணும் என்றார். அப்புறம் அடுக்கை ராஜகோபால் பக்கம் நீட்டி, "டேஸ்ட் பண்ணுங்க சார், என் ஒய்ஃப் செஞ்சது" என்றார்.

ராஜகோபால் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். முகம் மலர்ந்தது. அன்றைக்கு முதல் தடவையாக பக்தவச்சலத்தை நிமிர்ந்து பார்த்தார். "ஏன்யா, ஒரே நாள்ல இப்படிக் கிழவனாயிட்டே? புத்தி பேதலிச்சுப் போச்சா? பெரிய மனுஷர் கிட்டே மன்னிப்புக் கேளு."

சஃபாரி சூட் அடுக்கை மூடி, கைப்பிடியை மாட்டி, லாசரஸைப் பார்த்துத் தலையசைத்தார். லாசரஸ் குனிந்து கேரியரைத் தூக்கினார். இரண்டு எட்டு வைத்தார். நின்றார். கேரியரின் அடியிலிருந்து அவர் வெறுங்காலின் மேல் பொட்டென்று ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

"எலுமிச்சை சாதம்னா எண்ணெய் வழியத்தானே செய்யும்" என்றார் சஃபாரி சூட்.

லாசரஸ் ஒரு விரலால் அதைத் தொட்டு மூக்கில் வைத்தார். விரலையும் கட்டை விரலையும் சேர்த்துப் பிசைந்து பார்த்தார். பசை மாதிரி ஒட்டியது. எத்தனை வெள்ளிக்கிழமை ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு தலையில் வாங்கின எண்ணெய் அது!

"சார்" என்றார் மெதுவாக. "எந்த ஊர்ல சார் எலுமிச்சை சாதத்த வெளக்கெண்ணெயில தாளிக்கிறாங்கோ?"

ராஜகோபால் இரண்டாவது கவளத்தை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தபடி நின்றுவிட்டார். சஃபாரி சூட் லாசரஸின் கையிலிருந்து கேரியரைப் பிடுங்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடினார். ஓடினார் என்பதைவிட, ஓட ஆரம்பித்தார் என்பது சரி. அதற்குள் தரையில் சொட்டித் தேங்கியிருந்த எண்ணெயிலேயே பளபளக்கும் ஷூவை வைத்து, மல்லாந்து விழுந்தார். கேரியர் உருண்டு போய்க் கேட்டில் மோதியது. கீழ் மூன்று அடுக்கும் ஒரே குழாயாக ஈயம் வைத்துப் பற்றவைத்தது. அது வாயைப் பிளக்க, உள்ளே பழைய துண்டில் சுற்றின கிளி அலகை நீட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தது. லாசரஸ் அந்தக் கனவானின் மார்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "ஜாங்கிரியா குடுக்கறே, ஜாங்கிரி?" என்று ஒவ்வொரு தரமும் கேட்டு ஒவ்வொரு குத்து விட்டார்.

போலீஸ் வந்தது. எழுதினார்கள், எழுதினார்கள், எழுதிக்கொண்டே இருந்தார்கள். விளக்கில் எண்ணெய் எப்படி வந்தது என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது ராஜகோபால் பக்தவச்சலத்தைப் பார்த்தார், பிறகு ஆகாயத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமையில்லையா என்றார். அத்தோடு அந்தக் கேள்வி முடிந்தது. பக்தவச்சலத்துக்கு மட்டும் கண் கடிகாரத்திலேயே இருந்தது. ஐந்தாக இரண்டு நிமிஷம். ராஜகோபால் சாவிக்கொத்தோடு உள்ளே நடந்தார். இன்ஸ்பெக்டர் "உங்க அப்பா பேரு?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே பக்தவச்சலம் ஓடினார். பீரோக் கதவு சாத்துகிற நேரத்தில் பதிவேட்டைப் பிடுங்கி மேஜையில் போட்டுப் பேனாவைத் திறந்தார்.

அப்போது லாசரஸ் வாசலில் வந்து நின்றார். டீக்கடையிலிருந்து ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. முகத்தில் ரத்தமே இல்லை.

"ஒரு ரன்னு சார்" என்றார். "எட்டு விக்கெட்டு கையில இருந்துச்சே சார். ஒரே ரன்னு." பிறகு பக்தவச்சலத்தின் நரைத்த தலையை முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தார். "அப்போ நீ சொன்னதெல்லாம்..."

பக்தவச்சலம் மாலைக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

மழைச் சத்தம் திரும்பி வந்தது. பழுப்பேறிய பதிவேடு, அதே மேஜை, மை இன்னும் காயவில்லை. கதவு வழியாக ஹாலில் கிளி விளக்கு தொங்குவது தெரிந்தது. சுவரில் கண்ணாடி போட்ட ஒரு பாராட்டுப் பத்திரம், அதில் அவர் பேரும் லாசரஸ் பேரும். இரண்டு கிளாஸ் டீயோடு, காது மேல் நரைத்த லாசரஸ் காக்கிச் சட்டையில் உள்ளே வந்தார்.

"வந்துட்டியா சார்" என்றார். "மேடம் பழைய ரிஜிஸ்டர எடுக்கச் சொன்னாங்கோன்னு கேட்டதுலேர்ந்து வாசல்லயே நின்னுகினு கீறேன். இப்பதான் உன் மூஞ்சி அன்னிக்குப் பார்த்த மூஞ்சியாச்சு."

பக்தவச்சலம் கேட்பதற்குள் லாசரஸே சொன்னார். மறுநாள் காலையில், மேட்சுக்குப் போயிருந்த பழைய பக்தவச்சலம் வயிற்றுவலி லெட்டரோடு வந்திருக்கிறார். வாசலிலேயே மாலை போட்டுத் தூக்கிக்கொண்டார்களாம். திருதிருவென்று முழித்தாராம்.

"நான்தான் காதுல சொன்னேன், 'கையெழுத்து உன்னுதுதான், பேசாம வாங்கிக்க'ன்னு. நாளாவ நாளாவ நீயே நம்பிட்டே சார். மேட்சுக்கே போவலன்னு மாதா மேல ஆணையா சொல்லுவே. அதனால மேட்சு கதை எனிக்கு இன்னி வரைக்கும் கெடைக்கல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். லாசரஸ் சிரிப்பை முதலில் நிறுத்தினார். டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"எட்டு வருசமா உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு வெச்சுகினு கீறேன். அன்னிக்கு எல்லாம் சொன்னே, அத மட்டும் முழுங்கிட்டே. நீ வராம இருந்தப்போ நான் இன்னா ஆனேன்?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். இந்த உலகத்தில் அதைப் பொய் என்று சொல்ல ஒருத்தரும் இல்லை. பக்தவச்சலம் சட்டைப் பையில் கைவிட்டார். தகர டோக்கன் அங்கேயே இருந்தது. அதை எடுத்து மேஜையில் வைத்தார்.

"வேலை போச்சு. திருடன்னு பேர் கட்டினாங்க. ஸ்டேஷனுக்கு மேற்கே சைக்கிள் ஸ்டாண்டுல டோக்கன் கொடுத்துக்கிட்டு இருந்தே."

லாசரஸ் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த நாலு நான் போடுற நாலுதான்" என்றார். "அப்ப நீ தெனிக்கும் வண்டி வுட வருவே."

"இல்ல. எட்டு வருஷத்துல ஒரே ஒரு நாள் வந்தேன். நேத்து. அதுவும் மழைன்னு." பக்தவச்சலம் டோக்கனையே பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் மேட்சுக்குப் போனதை வாயைத் திறந்து சொல்லியிருந்தா உனக்கு வேலையாவது மிஞ்சியிருக்கும் லாசரஸ். நான் சொல்லல. அப்புறம் உன் மூஞ்சியைப் பார்க்கத் தைரியம் இல்லாம கிழக்கே சுத்திக்கிட்டுக் கிடந்தேன். என்னை மன்னிச்சுடு."

லாசரஸ் டோக்கனை மெதுவாக மேஜையில் வைத்தார்.

"நான் சொன்னேனா?" என்று கேட்டார்.

"என்னது?"

"நீ மேட்சுக்குப் பூட்டேன்னு. போலீஸ்காரங்கோ புடிச்சு உலுக்கியிருப்பாங்கோ, தபீதாள் அழுதிருக்கும். நான் உன்னக் காட்டிக் குட்த்துட்டேனா?"

"இல்ல" என்றார் பக்தவச்சலம். "கடைசி வரைக்கும் நீ சொல்லவே இல்ல."

லாசரஸின் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டுமே. பெரிய வைத்தியர் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பின நோயாளி மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார்.

"அதானே" என்றார். "எட்டு வருசமா எனிக்கு அது ஒண்ணுதான் பேஜாரா இருந்துச்சு சார். எங்க சொல்லிப்புட்டனோன்னு."

பக்தவச்சலம் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். வெட்கப்படவில்லை. லாசரஸ் அவர் முதுகில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, டோக்கனை எடுத்துத் தன் காக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அழுதது போதும், டீ ஆறுது. கடைசி ஓவர் இன்னா ஆச்சு? பந்து பந்தா சொல்றேன்னியே."

பக்தவச்சலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "கடைசி ஓவர் எங்கேர்ந்து வரும்? முதல் ஓவர்லேர்ந்து சொல்றேன்" என்று டீயைக் கையில் எடுத்தார்.